நிழலா, இரத்தக்கட்டியா?

ஏற்காட்டுக் காப்பித் தோட்டம். விடியற்காலை மூடுபனி. சில்வர் ஓக் மரம் ஒன்றின் பின்னே தரையில் கருமையாக ஏதோ நீண்டு கிடக்கிறது. விழுந்த மரமா, வெறும் நிழலா? இதே ஐயம் மருத்துவர்களுக்கும் எழுவதுண்டு.

இதயத்தின் இடது கீழறை மிகவும் தளர்ந்துவிட்டால், அதன் நுனியில் சிறிய பம்பு ஒன்றைப் பொருத்துகிறார்கள். சென்னையிலும் இச்சிகிச்சை நடைபெறுகிறது. கீழறையிலுள்ள இரத்தத்தைப் பம்பு இழுத்து, துணியாலான குழாய் வழியே மகாதமனிக்கு அனுப்புகிறது. வயிற்றுத் தோல் வழியே வெளிவரும் கம்பி அதற்கு மின்சாரம் தருகிறது. 2017இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற 'ஹார்ட்மேட் 3' பம்பில், சுழலி காந்த விசையால் மிதந்தபடியே சுழல்கிறது.

பம்பிலோ குழாயிலோ இரத்தம் உறைந்தால் ஓட்டம் தடைப்படும். உறைந்த துணுக்கு மூளைக்குச் சென்றால் பக்கவாதம் வரும். எனவே உள்ளே பார்த்தாக வேண்டும். எப்படி?

சாதாரண எக்ஸ் கதிர்ப் படத்தில் உலோகம் தெரியும், துணிக்குழாய் தெரியாது. மீயொலி இதய அறைகளைக் காட்டும். பம்பின் உட்புறத்தைக் காட்டாது. எம்.ஆர்.ஐ. கருவியின் வலிய காந்தம் பம்புக்கு ஆகாது. ஆகவே சி.டி. ஸ்கேன் உதவிக்கு வருகிறது. இக்கருவியை உருவாக்கியதற்காக ஹவுன்ஸ்ஃபீல்டு 1979இல் நோபெல் பரிசைப் பகிர்ந்து பெற்றார். உடலைச் சுற்றிப் பல கோணங்களில் எக்ஸ் கதிர்களைச் செலுத்தி, கணிப்பொறியால் படம் அமைக்கும் முறை இது. இரத்தத்தில் அயோடின் சேர்மத்தைச் செலுத்தினால் இரத்தம் வெண்மையாகவும், கட்டி கருமையாகவும் தோன்றும்.

இங்கேதான் சிக்கல். பம்பின் உலோகம் கதிர்களைப் பெருமளவு தடுத்துவிடுகிறது. போதிய கதிர்கள் வந்து சேராததால் படத்தில் கரிய, வெண்ணிறக் கோடுகள் விழுகின்றன. கரிய கோடு கட்டியைப் போலவே தோன்றும்!

பிரித்தறிவது எவ்வாறு?

1. உலோகத்திலிருந்து கிளம்பி, குழாயின் சுவரையும் தாண்டி நேராக ஓடினால் அது பெரும்பாலும் நிழலே. கட்டி குழாய்க்குள் அடங்கியிருக்கும்.

2. அயோடின் சரிவரக் கலக்காத இரத்தமும் கருமையாகத் தெரியலாம். சிறிது நேரம் கழித்து மீண்டும் படமெடுத்தால் அக்கருமை மறையும், கட்டி மறையாது.

3. பம்பு கொள்ளும் மின்திறன் கூடியுள்ளதா, சிவப்பணுக்கள் சிதைந்துள்ளனவா என்றும் பார்ப்பார்கள்.

கட்டியை நிழலென்று விட்டால் உயிருக்கு ஆபத்து. நிழலைக் கட்டியென்று கொண்டால் வேண்டாத அறுவை.

தோட்டத்திலும் அவசரப்பட வேண்டாம். வெயில் ஏறட்டும். நிழல் நகரும், விழுந்த மரம் நகராது.