வீட்டுத் தோட்டத்தில் சீமைச் சாமந்தி

மலர் என்றதும் நம் நினைவுக்கு வருவது இறைவனுக்குச் சூட்டும் மாலைதான். அம்மாலையில் உள்ள சாமந்தியும், கடைகளில் 'கெமொமைல்' தேநீர் என்று விற்கப்படும் சீமைச் சாமந்தியும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. ஆயினும் வெவ்வேறு செடிகள். "சுவாமிக்குச் சாத்திய சாமந்தியைக் காயவைத்துத் தேநீர் போடலாமா?" என்று அன்னதானக் கூடத்தில் தாய்மார்கள் சிலர் என்னைக் கேட்டதுண்டு. கூடாது என்பதே என் பதில். மாலைக்காக வளர்க்கும் பூக்களுக்குப் பூச்சிமருந்து அடிப்பது வழக்கம். சீனர் கடைகளில் கிடைக்கும் சாமந்தித் தேநீர், குடிப்பதற்கென்றே பயிரிட்டு உலர்த்திய பூக்களால் ஆனது. சீமைச் சாமந்தி வேண்டுவோர் அதனை வீட்டிலேயே வளர்க்கலாம்.

அடையாளம்: இலைகள் நூல்போல் பிரிந்திருக்கும். இதழ்கள் வெண்மை, நடுப்பகுதி மஞ்சள் நிறக் கூம்பு. அக்கூம்பைக் கீறிப் பார்த்தால் உள்ளே வெற்றிடம் இருக்கும். பூவைக் கசக்கினால் ஆப்பிள் மணம் வரும்.

இது குளிர்நாட்டுச் செடி. வட இந்தியாவிலும் இது குளிர்காலப் பயிரே. அங்கு அக்டோபரில் நாற்றுவிட்டு, நவம்பரில் நட்டு, பிப்ரவரி, மார்ச்சில் பூப்பறிக்கிறார்கள். நம் ஜொகூரில் குளிர்காலம் இல்லை. ஆண்டிறுதியில் வெயில் சற்றுத் தணியும்; ஆனால் பருவமழை கொட்டும். ஆகவே நவம்பரில் விதைத்து, கூரையடியில் சட்டியில் வளர்ப்பதே நான் கைக்கொள்ளும் முறை.

1. சட்டியில் மண்ணும் மணலும் கலந்து நிரப்பவும். அடியில் நீர் வடியத் துளை வேண்டும்.
2. விதை தூள்போல் மிக நுண்ணியது. அது முளைக்க வெளிச்சம் தேவை. ஆதலால் மண்ணின்மேல் தூவி, கையால் இலேசாக அழுத்தினால் போதும், மூடக்கூடாது.
3. நீரை ஊற்றாமல் தெளிக்கவும். ஒன்றிரண்டு வாரத்தில் முளைக்கும்.
4. காலை வெயில் படட்டும். உச்சி வெயிலுக்கு நிழல் தரவும்.
5. எரு அதிகமானால் இலைதான் பெருகும், பூ குறையும்.

இதழ்கள் நன்கு விரிந்ததும் பூவை மட்டும் கிள்ளி, நிழலில் உலர்த்தி, மூடிய பாட்டிலில் வைக்கவும். இரண்டு தேக்கரண்டிப் பூவுக்கு ஒரு குவளை வெந்நீர் ஊற்றி, ஐந்து நிமிடம் மூடிவைத்து வடிகட்டவும். மூடாவிட்டால் மணம் ஆவியோடு போய்விடும்.

ஓர் எச்சரிக்கை. சாமந்தி வகைப் பூக்கள் ஒவ்வாதவர்கள் இதனைத் தவிர்க்க வேண்டும். கர்ப்பிணிகளும், இரத்தம் உறையாதிருக்க வார்ஃபரின் மாத்திரை உண்பவர்களும் மருத்துவரைக் கேளாமல் அருந்தலாகாது. உறக்கத்துக்குத் துணையாக இதைப் பலர் பருகுகிறார்கள். ஆனால் மருத்துவர் தந்த மருந்தை இதற்காக நிறுத்துவது தவறு.

கேமரன் மலையின் குளிர் நமக்கு வாய்க்கவில்லை. ஒரு சட்டியில் ஒரு கைப்பிடிப் பூ கிடைத்தாலே நிறைவு கொள்ளலாம். செடி வாடிப்போனாலும் மனம் தளர வேண்டாம். அதே சட்டியில் துளசியோ கற்பூரவள்ளியோ நடுங்கள். நம் மண்ணில் அவை செழித்து வளரும். மாலைப் பூ ஆண்டவனுக்கு. அருந்தும் பூ நம் கையால் வளர்த்ததாக இருக்கட்டும்.