தனித்திருத்தலும் தனிமையும்

நுழையும்முன்

நோய்த்தொற்றைத் தடுக்க மனிதர் ஒருவரையொருவர் விலகியிருக்க நேர்ந்த காலம் ஒன்று அண்மையில் வந்து சென்றது. உடலைக் காத்த அந்த இடைவெளி உள்ளத்தில் விளைவித்த வெறுமையையும் அதனைக் கடக்கும் வழியையும் ஒரு மலையடிவார ஊரிலிருந்து காண முயல்கிறது இப்பாடம்.

ஆளரவம் அடங்கிய குன்று

விருதுநகர் மாவட்டத்தில் திருவில்லிபுத்தூருக்கு அருகே திருவண்ணாமலை என்னும் சிற்றூர் உள்ளது. கார்த்திகைத் தீபத்தால் புகழ்பெற்ற திருவண்ணாமலை வேறு, இது வேறு. இங்குள்ள குன்றின்மீது சீனிவாசப் பெருமாள் கோயில் அமைந்துள்ளது. 'தென் திருப்பதி' என மக்கள் போற்றும் இத்தலத்தில், புரட்டாசிச் சனிக்கிழமைகளில் திருவில்லிபுத்தூர், இராசபாளையம் வட்டார மக்கள் பெருந்திரளாகக் கூடுவர். வழிபாடு மட்டுமன்று, உறவுகளைக் காண்பதும் நலம் உசாவுவதும் அக்கூட்டத்தின் பயன்களாகும்.

2021-ஆம் ஆண்டில் கொரோனா பரவலைத் தடுக்கும்பொருட்டு, வெள்ளி, சனி, ஞாயிறு ஆகிய நாள்களில் வழிபாட்டுத் தலங்களில் மக்கள் கூடுவதற்குத் தமிழக அரசு தடை விதித்தது. அவ்வாண்டுப் புரட்டாசியின் முதல் நான்கு சனிக்கிழமைகளும் மக்கள் திரளின்றியே கழிந்தன. உயிர்களைக் காக்க அத்தடை தேவையாயிற்று. எனினும், ஆண்டுக்கொருமுறை ஒருவரையொருவர் கண்டு மகிழும் முதியோருக்கு அஃது ஓர் இழப்பே.

சொல்லும் பொருளும்

உலக நலவாழ்வு நிறுவனம் 2020 மார்ச் 11 அன்று கொரோனாவை உலகப் பெருந்தொற்றாக அறிவித்தது. மார்ச் 25 முதல் இந்தியா முழுவதும் ஊரடங்கு நடைமுறைக்கு வந்தது. 'சமூக இடைவெளி' என்னும் தொடர் எங்கும் ஒலித்தது. விரைவிலேயே அத்தொடரின் குறையை அறிஞர் உணர்ந்தனர். விலக வேண்டியவை உடல்களே, உறவுகள் அல்ல. எனவே, 'உடல்சார் இடைவெளி' என்று கூறுவதே பொருத்தம் என உலக நலவாழ்வு நிறுவனம் தெளிவுபடுத்தியது. தமிழிலும் 'தனிநபர் இடைவெளி' என்னும் சொல்லாட்சி பரவியது.

தனித்திருத்தல் வேறு, தனிமையுணர்வு வேறு. ஒருவர் தாமே விரும்பித் தனித்திருந்து நூல் கற்கலாம், சிந்திக்கலாம். அது மனத்திற்கு வலிமை தரும். கூட்டத்தின் நடுவில் இருந்தும், தம்மைப் புரிந்துகொள்வார் எவருமில்லை என ஒருவர் வருந்தலாம். அதுவே தனிமையுணர்வு. அமெரிக்க உளவியல் அறிஞர் ஜான் காசியோப்போ இவ்வுணர்வைப் பசியோடும் தாகத்தோடும் ஒப்பிட்டார். உடலுக்கு உணவு தேவை என்பதைப் பசி அறிவிப்பதுபோல, உள்ளத்திற்கு உறவு தேவை என்பதைத் தனிமையுணர்வு அறிவிக்கிறது. பசி எடுப்பது குற்றமன்று. தனிமையை உணர்வதும் அத்தகையதே.

வகுப்பறை காணாத மாணவர்

2020-21 கல்வியாண்டில் பதினொன்றாம் வகுப்பில் சேர்ந்த மாணவர்களுக்கு 2021 பிப்ரவரி 8 அன்றுதான் பள்ளிகள் திறக்கப்பட்டன. ஏறத்தாழ ஆறு வாரங்களில், மார்ச் 22 முதல் அவை மீண்டும் மூடப்பட்டன. பாடங்கள் கல்வித் தொலைக்காட்சி வழியாகவும் கைப்பேசி வழியாகவும் வந்துசேர்ந்தன. ஆனால், இடைவேளைப் பேச்சும் பகிர்ந்துண்ணும் மதிய உணவும் விளையாட்டுத்திடலின் ஆரவாரமும் எத்திரையிலும் வரவில்லை. நட்பின் வழியாகத் தம்மைத் தாமே அறிந்துகொள்ளும் பருவத்தில் அவர்கள் இழந்தவை இவை.

பெருந்தொற்றின் முதலாண்டில் பதற்றமும் மனச்சோர்வும் உலக அளவில் 25 விழுக்காடு உயர்ந்தன என்று உலக நலவாழ்வு நிறுவனம் 2022-இல் அறிவித்தது. இளைஞரும் பெண்களும் மிகுதியாகப் பாதிக்கப்பட்டனர்.

கண்ணுக்குத் தெரியாத காயம்

இராசபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டி, காயங்களுக்குக் கட்டுப்போடும் மருத்துவத் துணி நெசவுக்குப் பெயர்பெற்றது. அங்கு நெய்யப்படும் துணி எத்தனையோ காயங்களை ஆற்றத் துணைநிற்கிறது. ஆனால், மனக்காயத்திற்குக் குருதி இல்லை. எனவே, பிறர் அதனை எளிதில் காண்பதில்லை. உறக்கம் கெடுதல், பசியின்மை, காரணமற்ற சினம், விரும்பிய செயல்களிலும் நாட்டமின்மை, 'நான் எவருக்கும் பயன்படேன்' என்னும் எண்ணம் ஆகியன அக்காயத்தின் அறிகுறிகள். இவை இரண்டு வாரங்களுக்குமேல் நீடித்தால் மருத்துவரையோ மனநல ஆலோசகரையோ நாட வேண்டும். காய்ச்சலுக்கு மருத்துவரிடம் செல்வதில் நாணம் இல்லை. மனச்சோர்வுக்குச் செல்வதிலும் நாணம் வேண்டியதில்லை.

கதவருகே ஒரு குரல்

திருவில்லிபுத்தூரில் பிறந்த ஆண்டாள் பாடிய திருப்பாவை முப்பது பாசுரங்களைக் கொண்டது. மார்கழி வைகறையில் நோன்புக்குப் புறப்படும் பெண்கள், தாங்கள் மட்டும் சென்றுவிடுவதில்லை. உறங்கும் தோழியரை வீடுவீடாகச் சென்று எழுப்பி உடனழைத்துச் செல்கின்றனர். வாராதவளை விட்டுச்செல்லாமல் வாயிலில் நின்று அழைக்கும் அப்பண்பு, பெருந்தொற்றுக் காலத்திற்கும் அதன் பின்னரும் வேண்டப்படும் பண்பாகும்.

நாள்தோறும் பேசிய நண்பன் திடீரென மௌனமானால், அவனை அழைத்துப் பேசுதல் வேண்டும். அறிவுரை கூற விரையாமல், அவன் கூறுவதைச் செவிமடுத்தல் வேண்டும். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணத்தை அவன் வெளிப்படுத்தினால், அதனை மறைபொருளாகக் காத்தல் நட்பன்று. அவனைத் தனியே விடாமல் நம்பிக்கைக்குரிய பெரியவரிடம் உடனே தெரிவிப்பதே நட்பு.

பெருந்தொற்று தணிந்தது, திருவண்ணாமலைக் குன்றில் மக்கள் மீண்டும் கூடுகின்றனர். ஆயினும், கூட்டத்தின் நடுவிலும் தனிமையில் வாடுவோர் எக்காலத்தும் உளர். அவர்தம் கதவருகே சென்று அழைக்கும் குரலாக நாம் இருத்தல் வேண்டும்.

தெரியுமா?

மனநல ஆலோசனைக்காக 14416 என்னும் கட்டணமில்லாத் தொலைபேசி எண் செயல்படுகிறது. இச்சேவை 2022 அக்டோபர் 10, உலக மனநல நாளன்று தொடங்கப்பட்டது. இருபத்துநான்கு மணிநேரமும் தமிழில் பேசி உதவி பெறலாம்.

கற்பவை கற்றபின்…

1. ஊரடங்குக் காலத்தில் உங்கள் தெருவில் வாழ்ந்த முதியவர் ஒருவரின் பட்டறிவைக் கேட்டு, ஒரு பக்க அளவில் எழுதுக.
2. 'தனித்திருத்தல் – தனிமையுணர்வு' வேறுபாட்டை உங்கள் வாழ்விலிருந்து எடுத்துக்காட்டுத் தந்து வகுப்பறையில் கலந்துரையாடுக.