நிலம் வாங்குமுன் கிணற்றைப் பாருங்கள்

ஓய்வு பெறும்போது கையில் கிடைக்கும் தொகையை நிலத்தில் போட விரும்புவோர் பலர். வீட்டு மனை வாங்குவது வேறு. பயிர் நிலம் வாங்குவது வேறு. பயிர் நிலத்துக்கு நீர், மண், பாதை, பாத்தியம் ஆகிய நான்கும் பொருந்தி வர வேண்டும். ஒன்று குறைந்தாலும் ஆயுட்காலச் சேமிப்பு முடங்கிவிடும். ஆகவே முன்பணம் கொடுக்குமுன் கீழ்க்கண்டவற்றைக் கேட்டறிதல் நல்லது.

நீர் எத்தனை ஏக்கருக்குப் போதும்?

மார்கழி, தை மாதங்களில் எந்தக் கிணறும் நிறைந்தே காணப்படும். நிலத்தைச் சித்திரை, வைகாசியில் பார்ப்பதே முறை. மோட்டாரை ஓடவிட்டு, 200 லிட்டர் பீப்பாய் எத்தனை விநாடியில் நிரம்புகிறது என்று பார்க்கவும். 36 விநாடியில் நிரம்பினால் மணிக்கு 20,000 லிட்டர் நீர் கிடைக்கிறது என்று பொருள். பிறகு, நாளொன்றுக்கு எத்தனை மணி நேரம் கிணறு தாங்குகிறது என்று கவனிக்க வேண்டும்.

ஒரு ஏக்கருக்கு 5 செ.மீ. உயரம் நீர் பாய்ச்சச் சுமார் 2 லட்சம் லிட்டர் தேவை. கோடையில் கிணறு நாளுக்கு 2 மணி நேரமே தாங்கினால் 40,000 லிட்டர்தான் கிடைக்கும். ஒரு ஏக்கர் பாய 5 நாட்கள் ஆகும். பத்து நாளுக்கு ஒருமுறை பாய்ச்ச வேண்டிய பயிரானால் 2 ஏக்கருக்கு மேல் சாகுபடி செய்ய இயலாது. அங்கு 5 ஏக்கருக்கும் நஞ்சை விலை கொடுப்பவர், மீதி 3 ஏக்கரை மானாவாரியாகவே வைத்திருக்க நேரிடும். சொட்டு நீர்ப் பாசனம் பரப்பை ஓரளவு கூட்டும்; ஊற்றைக் கூட்டாது.

மோட்டாரைப் பத்து நிமிடம் ஓடவிட்டபின், சுத்தமான பாட்டிலில் ஒரு லிட்டர் நீர் பிடித்துப் பரிசோதனைக்கு அனுப்பவும். மின்கடத்தும் திறன் 0.7 டெசி சைமன்ஸுக்குக் குறைவாக இருந்தால் உப்பால் தொல்லை இல்லை. 3-க்கு மேற்பட்டால் பெரும்பாலான பயிர்களுக்கு ஆகாது.

மண் எப்படி?

ஆண்டுப் பயிர்களுக்கு 15 செ.மீ. ஆழம் வரை மண் மாதிரி எடுத்தால் போதும். தென்னை, மா வைக்க எண்ணுவோர் 3 அடி குழி தோண்டி, ஒவ்வொரு அடிக்கும் தனித்தனியே மாதிரி எடுக்க வேண்டும். அடியில் பாறையோ சுண்ணாம்புப் படிவமோ இருந்தால் குழியிலேயே தெரிந்துவிடும். கார அமில நிலை 8.5-க்கு மேல் இருந்தால் களர் என ஐயுறலாம். ஜிப்சம் இட்டுச் சீர்திருத்தலாமாயினும், அச்செலவை நில விலையோடு சேர்த்தே கணக்கிட வேண்டும்.

பாதையும் பங்கும்

இன்று வண்டி போகும் வழி அடுத்தவர் வரப்பாக இருக்கலாம். புல வரைபடத்தில் பாதை உண்டா என்று பார்க்கவும். இல்லையேல் வண்டிப்பாதை பாத்தியம் பத்திரத்தில் எழுதப்பட்டிருக்க வேண்டும். கூட்டுக் கிணறானால் எத்தனை பங்கு, எந்தெந்த நாள் முறை, மின் இணைப்பு யார் பெயரில் என்பவையும் எழுத்தில் இருக்க வேண்டும். வாய்ச்சொல் அடுத்த தலைமுறைக்கு நில்லாது.

பாத்தியம் யாருக்கு?

மூலப்பத்திரம், பட்டா, சிட்டா, அடங்கல், 30 ஆண்டு வில்லங்கச் சான்று ஆகியவற்றை வழக்கறிஞரிடம் காட்டுங்கள். பதிவாகாத ஒப்பந்தம் வில்லங்கச் சான்றில் வராது. பூர்விகச் சொத்தானால், 2005-ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தப்படி பெண் மக்களுக்கும் சம பங்கு உண்டு. அவர்களும் கையொப்பமிடுகிறார்களா என்று பாருங்கள். பஞ்சமி நிலம், கோயில் நிலம், பூமிதான நிலம் அல்ல என்பதை வட்டாட்சியர் அலுவலகத்தில் உறுதி செய்துகொள்வது அவசியம். குத்தகைதாரர் இருந்தால், நிலம் கைமாறினாலும் அவருடைய உரிமை போகாது. 1955-ஆம் ஆண்டின் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் அவருக்குத் துணை நிற்கிறது.

இறுதியாக, பக்கத்து நிலத்துக்காரரிடம் அரை நாள் பேசுங்கள். எந்த ஆண்டு கிணறு வற்றியது, எந்த மூலையில் பயிர் எழும்பாது என்பதையெல்லாம் அவர் அறிவார். இத்தனைக்கும் ஆகும் செலவு சில ஆயிரம் ரூபாய். தவிர்க்கக்கூடிய நஷ்டமோ பல லட்சம்.