தூக்கம் வரலைன்னு ஆரம்பிங்க

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர் நான். எங்கள் டேபிளில் மாமனார் சண்டை, வட்டிக்கடன், மூலம், சர்க்கரை என்று எல்லாமே பேச்சில் வரும். மனசு சரியில்லை என்று மட்டும் எவனும் வாய் திறக்க மாட்டான். திறந்தால், "சாயங்காலம் ஒரு குவார்ட்டர் போட்டாச் சரியாப் போயிரும் வா" என்பார்கள்.

எனக்கு வந்தது மனநோய் மாதிரியே தெரியவில்லை. அழுகை கிடையாது. விடிகாலை மூன்று மணிக்கு விழிப்பு வந்துவிடும், அப்புறம் தூக்கமில்லை. நெஞ்சு அடைக்கும். மகன் தட்டில் சோறு மிச்சம் வைத்தால்கூட அவன் மேல் பாய்வேன். இசிஜி, எக்கோ எல்லாம் நார்மல். மனச்சோர்வு ஆண்களுக்குப் பல நேரம் எரிச்சலாகவும் உடம்பு வலியாகவும் குடியாகவும்தான் வெளியே தெரியும் என்று பிற்பாடு மனநல டாக்டர்தான் சொன்னார்.

பேச வாய் வராதவர்கள் உடம்பிலிருந்து ஆரம்பிக்கலாம். தூக்கம் வரவில்லை என்று சொல்ல எந்த ஆம்பளைக்கும் கூச்சமில்லை. எதிரெதிரே உட்கார்ந்து சொல்லவும் வேண்டாம். பைக்கில் போகும்போது மச்சினனிடம் பின்னாலிருந்து சொன்னேன். "மாப்ள, மாசக்கணக்காத் தூக்கமே இல்லடா." சிக்னல் தாண்டும் வரை பேசாமல் வந்தவன், "எனக்கும் போன வருஷம் இப்படித்தான் மாமா. மாத்திரை சாப்பிட்டேன். அக்காவுக்குத் தெரியாது" என்றான். வாராவாரம் வீட்டுக்கு வந்து போகிறவன்!

முதலில் ஒரே ஒரு ஆளிடம் சொன்னால் போதும். கொடுக்கல் வாங்கல் உள்ள ஆளாக மட்டும் இருக்க வேண்டாம், நாளைக்குக் கணக்குத் தகராறில் அதையே இழுப்பான்.

மாவட்ட அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு உண்டு, மாத்திரையும் இலவசம். என்ன வேலை பார்க்கிறீர்கள் என்பதை டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். கத்தி ஓடும் மிஷினில் கை வைக்கிறவன் என்றதும் எனக்கு மயக்கம் தரும் மாத்திரையை ராத்திரிக்கு மாற்றிக் கொடுத்தார். மனச்சோர்வு மாத்திரை வேலை செய்ய இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். குமட்டல் முதல் வாரமே வரக்கூடும். ஆகவே பலர் அந்த வாரத்திலேயே தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். அதைத் தாண்டிவிடுங்கள். நன்றாக இருக்கிறதே என்று நீங்களாக நிறுத்தவும் கூடாது. மாத்திரை ஓடும்போது குடி ஆகாது. குடித்தால் அசந்து தூங்குவது போலிருக்கும், நடுராத்திரியில் முழிப்பு வந்துவிடும்.

கேட்கிற பக்கம் இருப்பவர்களுக்கும் ஒன்று. "உனக்கு என்ன குறை?" என்று கேட்காதீர்கள், வந்தவன் அதோடு வாயை மூடிக்கொள்வான். "சிநேகிதனுக்காகக் கேக்கறேன்" என்று வந்தால் யார் என்று துருவ வேண்டாம், ஓ.பி. நேரத்தைச் சொல்லி அனுப்புங்கள். ரொம்ப இடிந்து போயிருந்தால், "சாகலாம்னு தோணுதா?" என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் புதிதாக அந்த எண்ணம் வந்துவிடாது. ஆமாம் என்றால் தனியே விடாதீர்கள். தோட்டம் காடு உள்ள வீடு என்றால் பூச்சிமருந்தை முதலில் அப்புறப்படுத்துங்கள். 14416 என்ற மனநல உதவி எண்ணுக்கு எந்நேரமும் அழைக்கலாம், கட்டணமில்லை, தமிழில் பேசுவார்கள்.

2022-இல் இந்தியாவில் தற்கொலை செய்துகொண்டவர்களில் நூற்றுக்கு ஏறக்குறைய 72 பேர் ஆண்கள் என்கிறது தேசியக் குற்ற ஆவணக் காப்பகம். தற்கொலைக்கு முயன்றவனை, போலீஸ் கேஸாகிவிடும் என்று பயந்தே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகத் தயங்கும் குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டப்படி முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது. தயங்காமல் வண்டியை எடுங்கள்.