கைபேசியின் இரண்டு பூட்டுகள்

2008ஆம் ஆண்டு நவம்பர் மாதம் அமெரிக்காவில் ஒருவர் தம் புதிய கைபேசியை அணைத்து மீண்டும் இயக்கினார். அதற்குள் அவருடைய தோழியிடமிருந்து, ஏன் பதில் இல்லை என்று கேட்டுச் செய்தி வந்திருந்தது. நடந்ததை ஒரே சொல்லில் சொல்லிவிட எண்ணி, 'ரீபூட்' என்ற ஆங்கிலச் சொல்லைத் தட்டினார். 'மறுபடியும் தொடங்கு' என்பது அதன் பொருள். சொல்லைத் தட்டி முடித்ததும் கைபேசி தானாகவே அணைந்து மறுபடியும் தொடங்கியது!

இது தற்செயலாக நடந்ததன்று. செய்தி பரவியதும் அதே வகைக் கைபேசி வைத்திருந்த மற்றவர்களும் தட்டிப் பார்த்தார்கள். அவர்களுடைய கைபேசிகளும் அணைந்து அணைந்து எழுந்தன.

அந்தக் கைபேசியின் பெயர் டி-மொபைல் ஜி1. எச்.டி.சி. நிறுவனம் தயாரித்தது; கூகுளின் ஆண்ட்ராய்டு இயங்குதளத்தோடு கடைக்கு வந்த முதல் கைபேசி அதுதான். சாதாரணச் செய்தியில் எழுதிய ஒரு சொல்லைக் கைபேசி கட்டளையாக எடுத்துக்கொண்டது எப்படி? இதற்கு விடை காண, கைபேசிக்குள் யாருக்கு என்ன அதிகாரம் என்பதை முதலில் அறிய வேண்டும்.

எண் 0

1969ஆம் ஆண்டு அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சன், டென்னிஸ் ரிச்சி முதலியோர் யூனிக்ஸ் என்னும் இயங்குதளத்தை உருவாக்கத் தொடங்கினார்கள். அக்காலத்தில் ஒரே கணினியைப் பலர் பகிர்ந்துகொள்வது வழக்கம். ஒருவருடைய கோப்பை இன்னொருவர் கெடுத்துவிடாதிருக்க ஒவ்வொருவருக்கும் ஓர் எண் தரப்பட்டது. நம் மாணவர் விடுதியை எண்ணிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு மாணவனிடமும் அவனவன் அறைச் சாவி மட்டுமே இருக்கும். வார்டனிடமோ எல்லா அறைகளின் சாவிகளும் கொண்ட கொத்து இருக்கும். யூனிக்ஸில் அந்த வார்டனின் எண் 0. பெயர் 'ரூட்', அதாவது வேர். எண் 0 உடையவர் எந்தக் கோப்பையும் படிக்கலாம், மாற்றலாம், அழிக்கலாம்.

பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் வெளியிட்ட லினக்ஸ் இதே முறையைப் பின்பற்றியது. ஆண்ட்ராய்டு அந்த லினக்ஸின்மேல் கட்டப்பட்டது. ஆனால் அதில் ஒரு சுவையான மாறுதல் உண்டு. கைபேசியைப் பயன்படுத்துபவர் பெரும்பாலும் ஒருவர்தானே? ஆகவே ஆண்ட்ராய்டில் எண்கள் மனிதர்களுக்கு அல்லாமல் செயலிகளுக்குத் தரப்படுகின்றன. நீங்கள் நிறுவும் ஒவ்வொரு செயலிக்கும் 10000 முதல் தொடங்கும் வரிசையில் ஓர் எண் கிடைக்கிறது. டார்ச் விளக்குச் செயலி உங்கள் வங்கிச் செயலியின் கோப்பைத் திறக்க முடியாமல் இருப்பது இதனால்தான்.

அப்படியானால் விடுதிக்குப் பணம் கொடுத்த உங்களுக்கு எந்த எண்? விற்பனைக்கு வரும் ஆண்ட்ராய்டு கைபேசிகளில் உரிமையாளருக்கு எண் 0 கொடுக்கப்படுவதில்லை. நிறுவனம் சேர்த்து அனுப்பிய வேண்டாத செயலியை அடியோடு நீக்கக்கூட அவரால் இயலாது. மறைத்து வைக்கத்தான் முடியும். இந்த எண் 0இன் அதிகாரத்தை உரிமையாளர் பெறுவதையே 'ரூட் செய்தல்' என்கிறார்கள். கைபேசியைத் திருகாணி கழற்றிப் பிரிக்கும் வேலை இதில் எதுவுமில்லை.

617 இலக்கச் சாவி

கைபேசியை இயக்கியதும் சிப்பிலேயே பதிக்கப்பட்ட ஒரு சிறு நிரல் முதலில் விழிக்கிறது. அது பூட்லோடர் என்னும் அடுத்த நிரலின் மின்னணுக் கையொப்பத்தைச் சரிபார்க்கிறது. பூட்லோடர் தன் பங்குக்கு லினக்ஸின் கையொப்பத்தைச் சரிபார்க்கிறது. சங்கிலியில் எந்தக் கண்ணியிலாவது கையொப்பம் பொருந்தாவிட்டால் வேலை அங்கேயே நின்றுவிடும். 2048 பிட் கொண்ட கையொப்ப முறையில் அடிப்படையாக உள்ள எண்ணுக்கு 617 இலக்கங்கள். அதை இரு பகா எண்களாகப் பிரித்தால் சாவி கிடைத்துவிடும். ஆனால் இன்றுள்ள எந்தக் கணினியாலும் அது ஆகிற காரியமன்று. எனவே பூட்டைக் கடக்க விரும்பியவர்கள் சாவியைத் தேடுவதை விட்டுவிட்டுச் சுவரில் எங்கேனும் விரிசல் இருக்கிறதா என்று பார்த்தார்கள்.

ஜி1இல் இருந்தது சிறு விரிசலன்று, திறந்து கிடந்த கதவு! கட்டளைகளை வாங்கி நிறைவேற்றும் நிரலுக்கு 'ஷெல்' என்று பெயர். கைபேசி தொடங்கும்போதே ஒரு ஷெல்லும் எண் 0இன் அதிகாரத்தோடு கண்ணுக்குத் தெரியாமல் ஓடத் தொடங்கியது. சோதனைக்கு உதவும் அந்த ஏற்பாடு விற்பனைக்கு வந்த கைபேசியிலும் நீக்கப்படாமல் இருந்துவிட்டது. விசைப்பலகையில் தட்டிய ஒவ்வோர் எழுத்தும் திரைக்குச் சென்றதோடு அந்த ஷெல்லுக்கும் சென்றது. அம்மாவுக்கு எழுதிய நலம் விசாரிப்பும் அதற்குக் கட்டளையே. பொருள் புரியாத வரிகளை ஷெல் தள்ளிவிடும் என்பதால் ஒருவருக்கும் ஐயம் எழவில்லை. மேற்சொன்னவர் கைபேசியைத் தொடங்கியவுடன் வேறெதையும் எழுதாமல், வரியின் முதல் சொல்லாக உண்மையான ஒரு கட்டளையையே எழுதிவிட்டார். மறைந்திருந்தது வெளிப்பட்டது.

உடனே பலர் வேறொரு கட்டளையைத் தட்டினார்கள். அது வெளியிலிருந்து கணினி வழியே கைபேசிக்குள் நுழைய ஒரு வாயிலைத் திறந்துவிட்டது. உள்ளே நுழைந்தவர்களின் திரையில் '#' என்ற குறி தோன்றியது. சாதாரணப் பயனருக்குக் காட்டும் குறி '$'. '#' என்றால் எதிரே இருப்பவர் வார்டன் என்று பொருள்.

கதவு விரைவில் மூடப்படும் என்பது அவர்களுக்குத் தெரியும். ஆகவே உள்ளே இருக்கும்போதே 'சு' என்னும் சிறு நிரலை வைத்துவிட்டு வந்தார்கள். டென்னிஸ் ரிச்சி கண்டுபிடித்து 1979இல் காப்புரிமை பெற்ற ஓர் உத்தி இதற்குப் பயன்பட்டது. ஒரு நிரலின்மேல் ஒரு தனிக் குறியை இட்டுவிட்டால், அதை யார் ஓட்டினாலும் அந்த நிரலுக்கு உரியவரின் அதிகாரத்தோடேயே ஓடும். வார்டன் கையொப்பமிட்ட வெற்றுத்தாள் ஒன்றை மேசையில் விட்டுச் சென்றதைப் போன்றது இது. நல்லவன் கையில் கிடைத்தால் பயன். மற்றவன் கையில் கிடைத்தால்?

அந்த மாதமே பிழையைத் திருத்திய பதிப்பை அனுப்பினார்கள். ஆனால் கதை அதோடு முடியவில்லை. பிழையுள்ள பழைய பதிப்பும் நிறுவனம் முறையாகக் கையொப்பமிட்டு வெளியிட்டதுதானே! திருத்தம் பெற்ற கைபேசியில் அந்தப் பழைய பதிப்பைத் திரும்ப ஏற்றியபோது பூட்லோடர் கையொப்பத்தைப் பார்த்தது, சரியென்று ஏற்றுக்கொண்டது. கையொப்பம் 'இதை இன்னார் செய்தார்' என்று மட்டுமே கூறும். 'இதில் பிழை இல்லை' என்று கூறாது. பழைய பதிப்புக்குத் திரும்புவதைத் தடுக்கும் ஏற்பாடு 2017இல் வந்த ஆண்ட்ராய்டு 8இல் இடம்பெற்றது.

மற்றொரு பூட்டு

ரூட் செய்த ஜி1இல் வேறு நிறுவனத்தின் சிம் அட்டையைப் போட்டால் வேலை செய்யுமா? செய்யாது. பலர் தவறாக எண்ணும் இடம் இது. ஜி1இன் சிப்புக்குள் இரண்டு செயலகங்கள் இருந்தன. ஒன்று ஆண்ட்ராய்டை ஓட்டியது. மற்றொன்று வானொலி அலைகளைக் கவனித்தது. அதற்குத் தனி நிரல். சிம் பூட்டு இருந்தது இரண்டாவதில். விடுதி முழுவதற்கும் சாவி வைத்திருக்கும் வார்டனால் பக்கத்துத் தபால் நிலையத்தின் கதவைத் திறக்க முடியாதல்லவா?

சிம் பூட்டு வேலை செய்யும் முறை எளியது. ஒவ்வொரு சிம் அட்டைக்குள்ளும் 15 இலக்கங்கள் வரை கொண்ட ஓர் எண் உண்டு. அதன் முதல் மூன்று இலக்கங்கள் நாட்டைக் குறிக்கும்; இந்தியாவுக்கு 404, 405. அடுத்த இரண்டு அல்லது மூன்று இலக்கங்கள் நிறுவனத்தைக் குறிக்கும். 310, 260 என்று தொடங்கினால் அது அமெரிக்காவின் டி-மொபைல். பூட்டிய கைபேசி இந்த இலக்கங்களை ஒப்பிட்டுப் பார்த்து, பொருந்தாவிட்டால் ஒரு திறவு எண்ணைக் கேட்கும்.

திறவு எண் எட்டு இலக்கமானால் பத்துக் கோடி வாய்ப்புகள். நொடிக்கு ஒன்றாக முயன்றாலும் எல்லாவற்றையும் முடிக்க மூன்று ஆண்டுகளுக்கு மேலாகும். ஆனால் சில முறை தவறியதுமே கைபேசி கதவை அடைத்துவிடும் என்பதால் அவ்வளவு பொறுமைக்கும் இடமில்லை.

இந்தப் பூட்டு ஏன்? ஜி1இன் விலை 179 டாலர். ஆனால் இரண்டு ஆண்டுகள் டி-மொபைலுக்கே கட்டணம் செலுத்துவதாக ஒப்பந்தம் செய்ய வேண்டும். விலையில் குறைத்ததை நிறுவனம் மாதக் கட்டணத்தில் எடுத்துக்கொள்ளும். வாடிக்கையாளர் இடையில் ஓடிவிடாமல் இருக்கப் பூட்டு. இதில் ஓரளவு நியாயம் உண்டு என்றே சொல்வேன். ஒப்பந்தம் முடிந்து கடன் தீர்ந்த பின்னும் பூட்டு தொங்கினால் அதற்கு என்ன நியாயம்? நம் நாட்டில் பெரும்பாலோர் கைபேசியை முழு விலை கொடுத்துத் தனியே வாங்குவதால் இந்தத் தொல்லை நமக்கு அதிகம் தெரியவில்லை.

நிறுவனத்தின் எல்லாக் கட்டுப்பாடுகளும் சிம் பூட்டில் அடங்கியவை அல்ல. கைபேசியின் இணையத்தைக் கணினியோடு பகிர்வதை எடுத்துக்கொள்வோம். 2010இல் ஆண்ட்ராய்டு 2.2 வரும்வரை அந்த வசதி ஆண்ட்ராய்டிலேயே இல்லை. ரூட் செய்தவர்கள் லினக்ஸின் வலையமைப்பு விதிகளை மாற்றி அதைப் பெற்றார்கள். பிறகு சில நிறுவனங்கள் பகிர்வுக்குத் தனிக் கட்டணம் கேட்டன. பகிர்வுச் செயலிகள் வாடிக்கையாளருக்குக் கிடைக்காமல் தடுத்தது பற்றிய விசாரணையை முடித்துக்கொள்ள, வெரைசான் நிறுவனம் 2012இல் அமெரிக்க அரசுக்கு 12,50,000 டாலர் செலுத்தியது.

விரிசல் வழியே யார் வருவார்?

2011 மார்ச் மாதம் ஆண்ட்ராய்டுச் செயலிக் கடையில் ஐம்பதுக்கும் மேற்பட்ட செயலிகளில் 'டிராய்ட்டிரீம்' என்னும் தீநிரல் ஒளிந்திருந்தது கண்டுபிடிக்கப்பட்டது. அது பயன்படுத்திய கருவிகள் எவை தெரியுமா? கைபேசியை ரூட் செய்ய ஆர்வலர்கள் கையாண்ட அதே பிழைகளே! உரிமையாளருக்குத் தெரியாமல் எண் 0ஐப் பெற்று, கைபேசியின் விவரங்களைத் திருடி வெளியே அனுப்பியது. கூகுள் அச்செயலிகளைக் கடையிலிருந்து அகற்றியதோடு, பயனர்களின் கைபேசிகளிலிருந்தும் தொலைவிலிருந்தே நீக்கியது. சுவரில் உள்ள ஓட்டை வீட்டுக்காரர் யார், திருடர் யார் என்று பார்ப்பதில்லை.

ஓட்டையை அடைக்கவும் வேண்டும், உரிமையாளருக்குச் சாவியும் வேண்டும். அது முடியாத காரியமன்று. 2008 டிசம்பரிலேயே கூகுள், நிரல் எழுதுவோருக்கென ஜி1ஐப் போன்ற ஒரு கைபேசியை 399 டாலருக்கு விற்றது. அதே உடல், அதே சிப். ஆனால் இரண்டு பூட்டுகளும் இல்லை. 2010இல் வந்த நெக்சஸ் ஒன்னில் உரிமையாளரே கணினியிலிருந்து ஒரு கட்டளை கொடுத்துப் பூட்லோடரைத் திறக்கலாம். திறந்த பின் ஒவ்வொரு முறை தொடங்கும்போதும் திறந்த பூட்டின் படம் திரையில் தெரியும். இன்று இப்படித் திறக்க அனுமதிக்கும் கைபேசிகள், திறக்கும்போது உள்ளிருக்கும் படங்கள், செய்திகள் அனைத்தையும் அழித்துவிடுகின்றன. இது தண்டனை என்று நினைத்துவிடாதீர்கள். கைபேசியைத் திருடியவனும் இதே கட்டளையைக் கொடுக்கலாமல்லவா? அவனுக்கு வெற்றுப் பெட்டிதான் மிஞ்சும்.

கூகுளிடம் நேரே வாங்கிய பிக்சலைத் திறக்கலாம். வெரைசான் விற்ற பிக்சலைத் திறக்க முடியாது. இங்கே சேவை நிறுவனத்தின் விருப்பம் முதல் பூட்டின்மேலும் ஏறி உட்கார்ந்துவிட்டது.

சிம் பூட்டைப் பற்றிச் சட்டங்களும் மாறியுள்ளன. அமெரிக்காவில் 2013 ஜனவரி 26க்குப் பின் வாங்கிய கைபேசியின் சிம் பூட்டை நிறுவனத்தின் அனுமதியின்றித் திறப்பது பதிப்புரிமைச் சட்டப்படி குற்றமாகும் நிலை வந்தது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டு வெள்ளை மாளிகைக்கு மனு அனுப்பினர். 2014 ஆகஸ்ட் 1 அன்று குடியரசுத் தலைவர் ஒபாமா கையெழுத்திட்ட சட்டம் அந்த உரிமையைத் திரும்பக் கொடுத்தது. கனடாவில் 2017 டிசம்பர் முதலும், பிரிட்டனில் 2021 டிசம்பர் முதலும் சேவை நிறுவனங்கள் பூட்டிய கைபேசிகளை விற்கக் கூடாது.

செய்து பார்க்கும் முன்

வீட்டில் அப்பாவோ அக்காவோ பணம் அனுப்பப் பயன்படுத்தும் கைபேசியில் கை வைக்க வேண்டாம். பூட்லோடர் திறந்திருப்பதைச் செயலிகள் அறிந்துகொள்ள வழி உண்டு. வங்கிச் செயலிகள் பல அத்தகைய கைபேசியில் ஓட மறுக்கும். வேறு மாதிரிக்குரிய நிரலைப் பூட்லோடர் பகுதியில் எழுதிவிட்டால் கைபேசி செங்கல்லாகிவிடும். பிறகு பழுதுபார்ப்பவராலும் எழுப்ப இயலாமற் போகலாம். கைபேசியின் 15 இலக்க அடையாள எண்ணை மாற்றுவது முற்றிலும் வேறு செயல். இந்தியாவில் அது சட்டப்படி குற்றம். 'எல்லாம் திறந்து தருகிறேன்' என்று சொல்பவர் அதையும் சேர்த்துச் செய்யக்கூடும்.

எண் 0 எப்படியிருக்கும் என்று ஆபத்தின்றிக் காண ஒரு வழி உண்டு. பள்ளியில் லினக்ஸ் உள்ள கணினி இருந்தால் ஆசிரியரின் அனுமதியோடு டெர்மினலைத் திறந்து, ஐ, டி என்னும் இரண்டு ஆங்கிலச் சிற்றெழுத்துகளைத் தட்டி என்டர் விசையை அழுத்துங்கள். உங்கள் எண் தெரியும். பெரும்பாலும் 1000 அல்லது அதை ஒட்டிய எண்ணாக இருக்கும். வரியின் இறுதியிலுள்ள குறியையும் பாருங்கள், '$'. இப்போது ஆசிரியரை அழைத்து, அவருடைய கடவுச்சொல்லோடு ரூட்டாக நுழைந்து அதே இரண்டு எழுத்துகளைத் தட்டச் சொல்லுங்கள். குறி '#' ஆக மாறியிருக்கும். எண் இருந்த இடத்தில் 0 நிற்கும்.