ஆஸ்பத்திரிப் பேயும் நமது ஈமானும்

புகழனைத்தும் நோயையும் ஷிஃபாவையும் படைத்த வல்ல நாயனுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் நமது நாயகம் முஹம்மது ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் மீதும், அவர்களுடைய கிளையார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக.

நீலகிரி மாவட்டத்தின் மேற்குக் கோடியில், வயநாட்டு எல்லையை ஒட்டிக் கிடக்கிறது பந்தலூர். தேயிலைத் தோட்டம், மாதக்கணக்கில் விடாத மழை, பொழுது சாயுமுன் இறங்கிவிடும் மூடுபனி, அடிக்கடி நின்றுவிடும் மின்சாரம் — பேய்க்கதை முளைப்பதற்கு இவை போதாவா? பந்தலூர், தேவாலாப் பக்கங்களில் 1880ஆம் ஆண்டை ஒட்டித் தங்கம் தேடி வந்த கம்பெனிகள் நஷ்டப்பட்டுப் போய்விட்டன. அவை தோண்டிய சுரங்கக் குழிகள் மட்டும் எஞ்சின. இத்தகைய பாழிடங்களைப் பற்றிக் கதை கட்டுவது எல்லா ஊர்களிலும் உள்ள வழக்கம். ஆனால் அங்கே உண்மையில் அஞ்ச வேண்டியது பேயை அல்ல; கால் தவறி விழக்கூடிய குழியை! இந்தப் பாகுபாட்டைத்தான் இக்கட்டுரையில் நாம் ஆராயப் போகிறோம்.

சினிமா பார்ப்பது கூடுமா, கூடாதா என்ற மஸ்அலா இங்கே நமது பொருளன்று. கொட்டகைக்குப் போய்ப் பார்த்த காலம் மாறி, கைப்பேசி வழியே படம் நமது அடுப்பங்கரை வரை வந்துவிட்டது. வந்துவிட்ட ஒன்று வீட்டில் என்ன செய்கிறது என்று பார்ப்பது பெற்றோரின் கடமையல்லவா?

பார்த்தவர்கள் சொல்வது

அஸ்வின் சரவணன் இயக்கி, நயன்தாரா நடித்து, 2015 செப்டம்பரில் வெளியான “மாயா” என்ற தமிழ்ப் படத்தை எடுத்துக்கொள்வோம். மாயவனம் என்ற காடு. அதற்குள் முன்னொரு காலத்தில் இயங்கிய மனநோய் மருத்துவமனை. அங்கே நோயாளிகள் மீது நடந்த கொடிய சோதனைகள். இறந்தவர்களை இரகசியமாகப் புதைத்த மண். பெற்ற பிள்ளையைப் பிரிந்து மாண்ட ஒரு தாயின் ஆவி. இதுவே கதையின் அடிப்படை.

இவ்வகைப் படங்களைப் பற்றி இல்லங்களில் எழும் கருத்துகளை நான்காக வகுக்கலாம். “வெறும் கதைதானே, பொழுதுபோக்கு” என்பது முதலாவது. “ஜின் உண்டென்று மார்க்கமே சொல்கிறதே, ஆகவே இதுவும் உண்மைதான்” என்பது இரண்டாவது. “ஆஸ்பத்திரி என்றாலே அப்படித்தான், இராத்திரி அங்கே தங்கமாட்டேன்” என்பது மூன்றாவது. “பாவம் அந்தப் பெண்! அவளுக்கு நேர்ந்த கொடுமையை யாரும் கேட்கவில்லையே” என்பது நான்காவது.

முதற்கருத்தைச் சொல்பவர் தம்மளவில் சரியாகவே சொல்கிறார். ஆனால் அவருடைய ஏழு வயதுப் பிள்ளைக்கு அது வெறும் கதையாக இருக்கிறதா என்பதையும் அவர் கேட்டறிய வேண்டும். மற்ற மூன்றையும் சற்று விரிவாகக் காண்போம்.

இறந்தவர் பேயாகத் திரும்புவாரா?

அறியாமைக் காலத்து அரபிகளிடம் “ஹாமா” என்றொரு நம்பிக்கை இருந்தது. கொலையுண்டவனின் உயிர் ஆந்தை போன்ற பறவையாகிக் கபுருக்கு மேல் சுற்றும். பழிவாங்கும் வரை தாகம் தாகம் என்று கதறும் என்பார்கள். இன்றைய சினிமாப் பேயின் கதையும் இதுதானே! அநியாயமாக இறந்தவள் ஆவியாகிறாள்; பழி தீரும் வரை அலைகிறாள். ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முன்பே நாயகம் (ஸல்) அவர்கள் “ஹாமா” என்று ஒன்றில்லை என அறிவித்துவிட்டார்கள். இது ஸஹீஹான நபிமொழித் தொகுப்புகளில் பதிவாகியுள்ளது. இறந்தவருக்கும் இவ்வுலகுக்கும் இடையே மறுமை நாள் வரை பர்ஸக் என்னும் திரை உண்டென்று ஸூரத்துல் முஃமினூன் கற்பிக்கிறது. ஆகவே, பத்தாம் நம்பர் கட்டிலில் மவுத்தானவர் பதினோராம் நம்பர் கட்டிலில் படுத்திருப்பவரை வந்து எழுப்புவதில்லை.

ஜின்கள் இருப்பதை நாம் நம்புகிறோம். நெருப்பினால் படைக்கப்பட்டவை, அவற்றில் முஃமின்களும் உண்டு, காஃபிர்களும் உண்டு. ஆனால் ஜின்னை நம்புவது வேறு. சினிமாவில் காட்டும் ஆவியை நம்புவது வேறு. ஷைத்தானுக்கும்கூட மனிதன் மீது வலுக்கட்டாயமான அதிகாரம் கிடையாது. அவன் அழைத்தான், மனிதன் பின்சென்றான், அவ்வளவே என்பதை ஸூரத்து இப்ராஹீமில் காண்கிறோம்.

மஃரிப் வேளையில் பிள்ளைகளை வீட்டுக்குள் வைத்துக்கொள்ளுமாறு நபிமொழி உண்டு. அதே நபிமொழியில், இரவில் சிறிது நேரம் சென்றபின் அவர்களை விட்டுவிடலாம் என்றும் உள்ளது. அச்சத்துக்கும் மார்க்கம் ஓர் எல்லை வைத்திருக்கிறது! யானை நடமாடும் பந்தலூர்ப் பாதைகளில் அந்தி நேரத்தில் பிள்ளையை உள்ளே அழைப்பதற்கு வேறு காரணமும் சொல்ல வேண்டியதில்லை.

ஆஸ்பத்திரி யாருடைய இடம்?

மூன்றாவது கருத்துதான் மிகுந்த கேடு விளைவிப்பது. பந்தலூரிலிருந்து ஊட்டிக்குக் கூடலூர் வழியாக ஏறக்குறைய 70 கிலோமீட்டர் மலைப்பாதை. 2025 ஏப்ரலில் ஊட்டியில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை திறக்கப்பட்டது. ஆனால் மருத்துவமனை எத்தனை பெரிதாக இருந்தாலும், “அங்கே தங்கமாட்டேன்” என்று ஒரு மூதாட்டி அடம்பிடித்தால் பயனென்ன? துணைக்கு இருக்க ஆளில்லாமல் நோயாளி தனியே கிடந்தால் அந்தப் பழி யாரைச் சேரும்?

அகழ்ப் போரில் காயமுற்ற ஹஜ்ரத் ஸஅது இப்னு முஆத் (ரலி) அவர்களுக்காக நாயகம் (ஸல்) அவர்கள் தமது மஸ்ஜிதிலேயே ஒரு கூடாரம் அமைக்கச் செய்தார்கள். ருஃபைதா (ரலி) என்ற அம்மையார் காயம்பட்டோரைப் பராமரித்து வந்தார்கள் என்று வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். மதீனாவின் ஆஸ்பத்திரி வார்டு அல்லாஹ்வின் பள்ளிக்குள் இருந்தது! காலையில் நோயாளியைப் பார்க்கச் செல்பவருக்காக மாலை வரையிலும், மாலையில் செல்பவருக்காக விடியும் வரையிலும் எழுபதாயிரம் மலக்குகள் துஆச் செய்கிறார்கள் என்பது நபிமொழியின் கருத்து. அப்படியானால், இராத்திரி நேரத்து வார்டில் நம்மைச் சூழ்ந்திருப்பது யார்? பேயா, மலக்குகளா? தாய்மார்கள் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டிய கதை இதுவல்லவா?

மனநோய் மருத்துவமனை என்றாலே இருட்டறையும் சங்கிலியும் என்று படங்கள் காட்டுகின்றன. நமது முன்னோர் கட்டியவை எப்படி இருந்தன? டமாஸ்கஸில் நூருத்தீன் ஜங்கீ 1154இல் ஒரு மாரிஸ்தானை நிறுவினார். கெய்ரோவில் 1284இல் சுல்தான் கலாவூன் நிறுவினார். ஹலப் நகரில் 1354இல் எழுந்த அர்கூன் மாரிஸ்தானில், மனம் கலங்கியோருக்கெனத் தனி முற்றங்களும் நடுவே நீர்த்தடாகங்களும் இருந்தன. கட்டடம் இன்றும் நிற்கிறது. நமது சென்னையிலும் 1794இல் தொடங்கப்பட்டு, 1871இல் கீழ்ப்பாக்கத்துக்கு மாறிய மனநல மருத்துவமனை உண்டு. எத்தனையோ குடும்பங்களுக்கு ஆறுதல் தந்த அந்த இடத்தின் பெயரைக் கேலிச் சொல்லாக்கியதும் நமது சினிமாதான்.

ஏர்வாடி தந்த பாடம்

நோயைப் பேயென்று எண்ணுவதன் முடிவு எங்கே கொண்டுபோய் விடும்? 2001 ஆகஸ்ட் 6ஆம் நாள் விடியற்காலையில் இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் தனியார் நடத்திய ஒரு மனநோயாளர் காப்பகம் தீப்பற்றியது. உள்ளே இருந்தோர் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்ததால் ஓட முடியவில்லை. மொத்தம் 28 பேர் மாண்டார்கள். தர்காவில் தங்கினால் குணமாகும் என்று நம்பி உறவினர் கொண்டுவந்து விட்டவர்களை வைத்திருந்த காப்பகம் அது. எந்தச் சினிமாவும் காட்டாத பயங்கரம் இது; இதைச் செய்தது எந்த ஆவியும் அல்ல, மனிதர்களே. அதன்பின் இத்தகைய காப்பகங்கள் மூடப்பட்டன. 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் நோயாளியைச் சங்கிலியிடுவதைத் தடை செய்கிறது.

வலிப்பு நோயுடைய ஒரு கறுப்பினப் பெண்மணி நாயகம் (ஸல்) அவர்களிடம் வந்து முறையிட்டதை ஹஜ்ரத் இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். பொறுத்துக்கொண்டால் சுவர்க்கம், வேண்டுமானால் குணத்துக்கு துஆ, எது உமது விருப்பம் என்று நாயகம் (ஸல்) அவர்கள் அவரையே கேட்டார்கள். அவர் பொறுமையைத் தேர்ந்தார், வலிப்பு வரும்போது ஆடை விலகாதிருக்க மட்டும் துஆ வேண்டினார், அதையும் செய்தருளினார்கள். நோயாளியின் விருப்பத்தைக் கேட்டதையும், அவருடைய மானம் காக்கப்பட்டதையும் கவனியுங்கள். மனம் கலங்கிய மருமகளின் விருப்பத்தை நம்மில் எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்?

இங்கேதான் நான்காவது கருத்தின் அருமை விளங்குகிறது. அந்தப் படத்தின் தாயைக் கண்டு இரங்கியவர், தம் வீட்டுத் தாயைக் கண்டும் இரங்க வேண்டும். ஆயிரம் பிரசவங்களில் ஒன்று அல்லது இரண்டில், பெரும்பாலும் முதல் இரண்டு வாரங்களுக்குள், தாய்க்குக் கடுமையான மனக்கலக்கம் வருவதுண்டு. தூக்கமே இராது, காதில் குரல் கேட்கும், யாரைக் கண்டாலும் சந்தேகம், குழந்தையைப் பற்றி விபரீதமான பேச்சு. “பேறுகாலத்தில் பேய் பிடித்துவிட்டது” என்று சொல்லி மந்திரிப்பவரைத் தேடி அலையும் ஒவ்வொரு நாளும் தாய்க்கும் சேய்க்கும் ஆபத்து. உடனே டாக்டரிடம் கொண்டுசென்றால் பெரும்பாலோர் நன்றாகவே குணமடைகிறார்கள். அதுபோலவே, படுக்கையில் விழித்தும் கைகால் அசையாமல் நெஞ்சை அமுக்குவதை “அமுக்குவான் பேய்” என்கிறோம். மனம் விழித்துவிட, உடம்பு இன்னும் உறக்கத்திலிருந்து விடுபடாத நிலை அது. சிறிது நேரத்தில் தானே நீங்கிவிடும்.

ஓதுவதும் வேண்டும், மருந்தும் வேண்டும்

ஓதிப் பார்ப்பதை நாம் மறுக்கவில்லை. ஹஜ்ரத் ஸஅது இப்னு அபீ வக்காஸ் (ரலி) அவர்கள் நோயுற்றபோது, நாயகம் (ஸல்) அவர்கள் சென்று அவர்களுடைய நெஞ்சின்மீது தமது திருக்கரத்தை வைத்தார்கள். அதே மூச்சில், ஸகீஃப் குலத்து வைத்தியர் ஹாரிஸ் இப்னு கலதாவிடம் செல்லும்படியும் பணித்தார்கள். நபியின் கரம் பட்ட நெஞ்சுக்கே வைத்தியர் தேவையெனில், நமது தாயத்து மட்டும் போதும் என்று இருந்துவிடலாமா?

ஆகவே, நமது இல்லங்களில் கைக்கொள்ள வேண்டியவை சில:

1. சிறு பிள்ளைகளுக்குப் பேய்ப்படம் காட்ட வேண்டாம். பார்த்துவிட்டால் கேலி செய்யாமல், அது எப்படி எடுக்கப்படுகிறது என்பதை விளக்குங்கள். ஆயத்துல் குர்ஸீ ஓதிப் படுக்கப் பழக்குங்கள்.

2. இருட்டில் ஒளிந்திருந்து தம்பி தங்கையரை மிரட்டுவது விளையாட்டன்று. உறங்கியவரின் கயிற்றை எடுத்துத் திடுக்கிடச் செய்ததையே, முஸ்லிமைப் பயமுறுத்துவது ஆகாது என்று நாயகம் (ஸல்) அவர்கள் கண்டித்திருக்கிறார்கள்.

3. ஆஸ்பத்திரியில் இருப்பவருக்கு, முக்கியமாக இரவில், வீட்டார் முறைவைத்துத் துணையிருங்கள். அங்கே நடந்ததாகச் சொல்லப்படும் பேய்க்கதைகளை நோயாளியின் காதில் போடாதீர்கள்.

4. மனக்கலக்கம் கண்டால் ஓதுங்கள். அன்றைக்கே டாக்டரிடமும் செல்லுங்கள். எங்கே போவதென்று தெரியாவிட்டால், அரசின் இலவச மனநல உதவி எண்ணான 14416ஐ அழைத்துத் தமிழிலேயே ஆலோசனை பெறலாம்.

5. “அவளுக்குப் பேய் பிடித்தது” என்று அக்கம்பக்கத்தில் பேசாதீர்கள். நோய் குணமான பின்னும் அந்தப் பேச்சு அவளை விடாது.

வல்ல நாயன் நமது இல்லங்களை வீண் அச்சங்களிலிருந்து காப்பானாக! நோயுற்றோருக்குப் பூரண ஷிஃபாவையும், அவர்கள் பக்கத்தில் கண்விழித்திருப்போருக்கு நிறைந்த நற்கூலியையும் தந்தருள்வானாக! ஆமீன்.