படம் போடுபவரா, ஓவியரா?

கேள்வி: வின்ஸ்லோ ஹோமர் பத்திரிகைக்குப் படம் போட்டுப் பிழைத்தவர்தானே? அவரைப் பெரிய ஓவியர் என்கிறீர்களே!

பதில்: அந்தப் பிழைப்புதான் அவர் கண்ணைத் தீட்டியது. 1836-ல் பாஸ்டனில் பிறந்தவர். இளவயதில் ஒரு லித்தோ (கல்லச்சு) அச்சகத்தில் தொழில் பழகினார். அது போதும் போதும் என்றாகிவிட்டது. அதனால்தான் பிறகு 'ஹார்ப்பர்ஸ் வீக்லி' பத்திரிகை சம்பள வேலைக்குக் கூப்பிட்டபோதும் மறுத்து, படத்துக்கு இவ்வளவு என்றே வாங்கினார்.

அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது 1862-ல் அந்தப் பத்திரிகையில் வந்த அவர் படம் ஒன்று: மரக்கிளையில் உட்கார்ந்து, தொலைநோக்கி பொருத்திய துப்பாக்கியால் குறிபார்க்கும் சிப்பாய். சாகப்போகிறவன் படத்தில் இல்லை. அப்படியொரு தொலைநோக்கி வழியே தானும் பார்த்ததாகவும், அது கொலைக்குக் கிட்டத்தட்ட நெருங்கியதாகத் தோன்றியதாகவும் பல வருடம் கழித்து ஒரு கடிதத்தில் எழுதினார். இதே காட்சியைத் தைல வண்ணத்திலும் தீட்டினார். பத்திரிகைப் படத்துக்கும் 'பெரிய' ஓவியத்துக்கும் நடுவில் சுவர் எங்கே இருக்கிறது, சொல்லுங்கள்!

1883-ல் மெய்ன் மாநிலத்தில் ப்ரௌட்ஸ் நெக் என்ற கடலோரத்துக்குக் குடிபோனார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வேடிக்கை பார்க்க வருபவர்களை விரட்ட, பாம்பு இருக்கிறது என்று பலகை எழுதி வைத்த மனிதர்!

1899-ல் வரைந்த 'கல்ஃப் ஸ்ட்ரீம்' ஓவியத்தில், பாய்மரம் முறிந்த படகில் ஒரு கறுப்பின மனிதன் தனியாகக் கிடக்கிறான், சுற்றிலும் சுறாக்கள். ஓவியத்தைப் பார்த்தவர்கள், அவன் பிழைத்தானா என்று கேட்டார்கள். ஹோமருக்கு எரிச்சல், கிண்டலாக ஒரு பதில் எழுதிப்போட்டார். 1906-ல் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் அந்த ஓவியத்தை வாங்கியது.